ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினால் கணக்கு என்ன ஆகும்?

மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு

கம்ப்யூட்டர் என்றதும் நமக்கு இன்டர்நெட், கேம்ஸ், புரோகிராமிங் என்றுதான் நினைவு ஓடும். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ திருமழிசை சிட்கோவிலோ உள்ள ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். ஆபீஸ் ரூமில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் பார்க்கும் முதல் வேலை கணக்கு. பில் போடுவது, ஜாப் ஒர்க் சலான் அடிப்பது, யார் எவ்வளவு பாக்கி என்று பார்ப்பது, மாதா மாதம் ஜி.எஸ்.டி. கட்டுவது எல்லாம் அதில்தான். ஆவடி, பூந்தமல்லி கடைத்தெருவிலும் இதே கதைதான்.

அந்தக் கம்ப்யூட்டர் ஸ்லோவானால் முதலாளி யாரைக் கூப்பிடுவார்? “தம்பி, நீ டிப்ளமா கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? கொஞ்சம் ஃபார்மட் பண்ணி, புது விண்டோஸ் போட்டுக் குடுப்பா” என்று நம்மைத்தான். நமக்கு அது ஒரு மணி நேர வேலை. அவருக்கோ அது பத்து வருஷக் கணக்கு. ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும்போது கணக்கு சாஃப்ட்வேருக்கு என்ன நேர்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஃபிக்ஸ்சரும் டி-ஸ்லாட்டும்

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். மில்லிங் மெஷின் டேபிளில் டி-ஸ்லாட் இருக்கிறது. அதன் அளவுக்கு ஏற்ப ஃபிக்ஸ்சர் செய்து வைத்திருக்கிறோம். மெஷினை மாற்றினோம். புது டேபிளில் ஸ்லாட் இடைவெளி வேறு. ஃபிக்ஸ்சர் நல்லாத்தான் இருக்கு, ஜாபும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் உட்கார மாட்டேங்குது! ஆபரேட்டிங் சிஸ்டம்தான் அந்த டேபிள். கணக்கு சாஃப்ட்வேர் ஃபிக்ஸ்சர். ஃபைலைத் திற, பிரின்டருக்கு அனுப்பு, மெமரி கொடு என்று எதைக் கேட்பதானாலும் அது ஆபரேட்டிங் சிஸ்டத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் முறை மாறினால் வேலை நின்றுவிடும்.

டாஸ் முதல் விண்டோஸ் 11 வரை

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் டாலி. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்து வந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு சாஃப்ட்வேர் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் கம்பெனி தொடங்கியது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதலில் வந்தது டாஸில் ஓடும் சாஃப்ட்வேர். பிறகு விண்டோஸுக்கு மாறியது. 2009-ல் டாலி இ.ஆர்.பி. 9, 2020-ல் டாலி பிரைம் வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே எல்லாம் மாறியும் விரல் பழக்கம் மாறவில்லை. பேமென்டுக்கு எஃப் 5, ரசீதுக்கு எஃப் 6, விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9 என்ற சாவிகள் அப்படியே இருக்கின்றன. அதனால் ஆபரேட்டிங் சிஸ்டம் மாறியதே பல கணக்குப்பிள்ளைகளுக்கு உறைக்கவில்லை.

ஆனால் எல்லோரும் டாலி வைத்திருக்கவில்லை. 1990-களில் தெரிந்த புரோகிராமர் ஒருவரைப் பிடித்து ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ சம்பளக் கணக்கும் ஸ்டாக் கணக்கும் எழுதி வாங்கியவர்கள் ஏராளம். புரோகிராமர் வேறு வேலைக்குப் போய்விடுவார். சோர்ஸ் கோடு அவரோடு போய்விடும். பட்டறையில் மிஞ்சுவது ஓடும் ஃபைல் மட்டுமே. இவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. எப்படி?

விண்டோஸ் 95, 98 இரண்டுக்கும் அடியில் டாஸ் இருந்தது. ஆகவே டாஸ் புரோகிராம் ஓடியது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அடியில் டாஸ் கிடையாது. டாஸ் மாதிரி நடிக்கும் ஒரு பகுதி மட்டும் இருந்தது. அடுத்து 64 பிட் விண்டோஸ் வந்தது. பிராசஸர் 64 பிட் நிலையில் ஓடும்போது பழைய 16 பிட் டாஸ் புரோகிராமுக்கு வேண்டிய நிலைக்குப் போக முடியாது. எனவே அந்த நடிக்கும் பகுதியையே மைக்ரோசாஃப்ட் 64 பிட் பதிப்பில் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் கிடைத்ததால் சமாளித்தார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே இல்லை. கதவு மூடிவிட்டது.

எங்கெல்லாம் மாட்டிக்கொள்ளும்?

புரோகிராம் ஓடுவது மட்டும் பிரச்சினை அல்ல. இன்னும் நான்கு இடங்கள் உள்ளன.

1. பிரின்டர். டாஸ் புரோகிராம் எழுத்துக்களை நேராக எல்.பி.டி-1 போர்ட்டுக்கு அனுப்பும். கார்பன் காப்பியோடு பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் வைத்திருப்பார்கள். புதுக் கம்ப்யூட்டரிலோ யு.எஸ்.பி. மட்டும்தான். 32 பிட் விண்டோஸில், பிரின்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் அதற்கு எல்.பி.டி-1 என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். ஆனால் விலை குறைந்த லேசர் பிரின்டர்கள் பலவற்றுக்கு வெறும் எழுத்தாக அனுப்பினால் புரியாது.

2. பூட்டு. சில சாஃப்ட்வேர்கள், போர்ட்டில் ஒரு சிறிய பூட்டுக் கருவி செருகினால்தான் ஓடும். அந்தக் கருவிக்கு டிரைவர் வேண்டும். 64 பிட் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை சிஸ்டம் ஏற்காது. பூட்டு விற்றவர் புது டிரைவர் தரவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரும் திறக்காது.

3. இரட்டைக் கணக்கு. இது ரொம்ப விசித்திரமானது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் சாதாரண யூஸர் எழுத, விஸ்டா முதல் அனுமதி இல்லை. பழைய புரோகிராம் அங்கே எழுதப் போனால், விண்டோஸ் சத்தம் போடாமல் அதை அந்த யூஸருக்கு மட்டும் உரிய வர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். விளைவு? முதலாளி லாகினில் ஒரு பாக்கி, கணக்குப்பிள்ளை லாகினில் வேறு பாக்கி! “நேத்து போட்ட பில்லைக் காணோம் சார்” என்றால் உடனே வைரஸ் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் இங்கே தேடுங்கள்.

4. டேட்டா இருக்கும் இடம். ஃபார்மட் செய்யும் முன் நாம் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் காப்பி எடுப்போம். ஆனால் டாலி பிரைமின் டேட்டா வழக்கமாக சி டிரைவில் யூஸர்ஸ், அதனுள் பப்ளிக் ஃபோல்டரில் இருக்கும். பழைய டாலியில் சி டிரைவிலேயே தனி ஃபோல்டர். டெஸ்க்டாப்பை மட்டும் காப்பாற்றி ஃபார்மட் அடித்தால் கம்பெனியின் கணக்கு மொத்தமும் காலி.

சட்டம் என்ன சொல்கிறது?

“பழசு போனால் போகட்டும், புதுசா ஆரம்பிக்கலாம்” என்று சொல்ல முடியாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஒரு வருடக் கணக்கை அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி கம்பெனிகளுக்கு 8 நிதியாண்டுகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021-22 ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதி 31.12.2022. அதிலிருந்து 72 மாதம் என்றால் 31.12.2028. அந்தக் கணக்கை எழுதிய காலத்தில் ஓடிய விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 14.10.2025-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பழைய மெஷின் பலவும் இதில் தேறாது. ஆக, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுள் முடிந்த பிறகும் கணக்கின் ஆயுள் முடியவில்லை. டேட்டா பென் டிரைவில் பத்திரமாக இருப்பது மட்டும் போதாது. நோட்டீஸ் வரும் நாளில் அதைத் திறந்து படிக்க முடிய வேண்டும்.

ஃபார்மட்டுக்கு முன்

யாராவது கூப்பிட்டால் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிட்டுக் கை வையுங்கள்.

- தேதி பார்க்கவும். மாதா மாதம் ரிட்டர்ன் போடுபவருக்கு 11-ந் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ந் தேதி 3-பி. அந்தச் சமயத்தில் தொடவே வேண்டாம். மார்ச் கடைசியும் ஆகாது.

- டேட்டா ஃபோல்டர் எங்கே என்று சாஃப்ட்வேருக்குள்ளேயே பார்த்து இரண்டு காப்பி எடுக்கவும். ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவும். திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

- ஒவ்வொரு வருடத்தின் டிரையல் பேலன்ஸ், லெட்ஜர், டே புக் மூன்றையும் பி.டி.எஃப். ஆக்கி வைக்கவும். எந்தச் சிஸ்டத்திலும் திறக்கும்.

- டாலியாக இருந்தால் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு ஃபார்மட் செய்யவும். புதிய பதிப்பு டேட்டாவை மைக்ரேட் செய்யக் கேட்டால் காப்பியில் செய்யவும். மாற்றிய டேட்டா பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம்.

- ஃபாக்ஸ்புரோ கணக்கு என்றால் மனம் தளர வேண்டாம். டி.பி.எஃப். ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கலாம். புரோகிராமே ஓட வேண்டுமானால் வர்ச்சுவல் பாக்ஸில் பழைய விண்டோஸ் ஒன்றைப் போட்டு, இன்டர்நெட் தொடர்பைத் துண்டித்து ஓட்டலாம்.

- புதுச் சிஸ்டம் வந்ததும் டிரையல் பேலன்ஸ் எடுத்துப் பழையதோடு ஒப்பிடவும். ஒரு பைசா வித்தியாசம் இருந்தாலும் பழைய டிஸ்க்கை அழிக்கக் கூடாது. ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நண்பர்களே! புது ஆபரேட்டிங் சிஸ்டம் வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்புக்கு அது அவசியமே. ஆனால் பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்கு வரவேண்டிய பணம், கட்டிய வரி, தொழிலாளியின் சம்பளம் எல்லாவற்றுக்கும் சாட்சி அந்த ஒரு ஃபோல்டர்தான். நாளை நம்மில் பலர் இந்த வேலைக்குப் போகப் போகிறோம். “அடுத்து” என்ற பட்டனை அமுக்கும் முன் “அண்ணே, உங்க கணக்கு எங்கே இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்போம்.