எங்க ஊருக்கு வாங்க! வடலூரில் இரண்டு நாள்

சனி, ஞாயிறு லீவு வந்தால் போதும், "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போம்மா" என்று பிள்ளைகள் பிடுங்க ஆரம்பித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் பர்ஸ் இளைத்துவிடும். சொந்தக்காரர் வீடு என்றால் அங்கேயும் நமக்கு அடுப்படிதான் கதி. இப்படி யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்க ஊர் வடலூருக்கு வாருங்கள். இரண்டு நாள் போதும்.

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. தைப்பூசத்துக்கு வருகிறவர்கள், மாதப் பூசத்துக்கு வருகிறவர்கள், நெய்வேலிக்கு வந்துவிட்டு அப்படியே எட்டிப் பார்க்கிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். சபையைப் பார்த்துக் கும்பிடுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அரை மணியில் பஸ் ஏறிவிடுவார்கள். எங்க ஊரில் முக்கியமாகச் செய்யவேண்டியதை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். அது என்னவென்று சொல்கிறேன்.

சனிக்கிழமை: முதலில் சாப்பாடு!

காலையிலேயே வந்து சேர்ந்துவிடுங்கள். சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகும் பஸ்கள் வடலூரைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. கடலூர், விருத்தாசலம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலும் உண்டு. பெட்டியை வைத்துவிட்டு, கை கால் அலம்பிக்கொண்டு, நேரே சத்திய தருமச்சாலைக்குப் போங்கள்.

வள்ளலார் ராமலிங்க சுவாமிகள் 1867 மே 23-ஆம் தேதி இதைத் தொடங்கினார். இடம் கொடுத்தவர்கள் பெரிய ஜமீன்தார்கள் இல்லை. பார்வதிபுரம் கிராமத்து மக்கள். எண்பது காணி நிலத்தை அவர் கையில் ஒப்படைத்தார்கள். அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. 21 அடி நீளமுள்ள கோட்டை அடுப்பு அது. ஜாதி, மதம், ஊர், பேர் எதுவும் கேட்காமல் மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். நம் வீட்டு அடுப்பை இரண்டு நாள் அணைத்துவிட்டு வந்து, நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக எரியும் ஒரு அடுப்பின் சாப்பாட்டைச் சாப்பிடலாம். இதைவிட வேறென்ன லீவு வேண்டும், சொல்லுங்கள்!

ஆனால் இங்கேதான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். என் நாத்தனாரும் அப்படித்தான். சில வருஷங்களுக்கு முன்பு இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய பட்டியல். ஒரே நாளில் நெய்வேலி, சிதம்பரம், பிச்சாவரம், கடலூர் பீச் எல்லாம் பார்த்தாக வேண்டுமாம். "தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே" என்றேன்.

"வேணாம் அண்ணி. அது ஏழைபாழைங்க சாப்பிடற இடம். நாம போய் உக்காந்தா அவங்க சோத்தைப் பிடுங்கித் தின்ன மாதிரி இருக்காதா?" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் நான் வற்புறுத்தவில்லை. கிளம்பினோம். சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கோயில் நடை சாத்தியாகிவிட்டது. உச்சி வெயிலில் பிச்சாவரம். படகுக்கு வரிசை. சின்னவன் வெயில் தாங்காமல் வாந்தி எடுத்துவிட்டான். கடலூரை நினைக்கவே தெம்பில்லை. ராத்திரி சோர்ந்து போய் வடலூரில் இறங்கினோம். பிள்ளைகள் இரண்டும் பசியில் அழுகின்றன. வீட்டில் மாவு கூட இல்லை.

பஸ் ஸ்டாண்டில் எங்களுக்காகக் காத்திருந்த என் மாமியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சின்னவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே தருமச்சாலைக்கு நடந்தார். நாத்தனார் வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏன்டி நிக்கிறே? பசின்னு வந்தவங்களுக்குத்தான் இந்த இடம். உனக்கு இப்போ பசியா இல்லையா? அதை மட்டும் சொல்லு. சாப்பிடு. மனசு உறுத்தினா நாளைக்கு ரெண்டு கிலோ அரிசி வாங்கிக் குடுத்துட்டுப் போ."

உட்கார்ந்தாள். சுடச்சுடச் சாதம், குழம்பு, ரசம். ஒரு பெரியவர் குனிந்து பரிமாறிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்றார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்தால் கண்ணில் தண்ணீர்!

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள்: "கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு யாரும் முதல் பந்தியில் சுடச்சுடப் பரிமாறினது கிடையாது அண்ணி. எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச அப்புறம், பாத்திரத்தில் ஒட்டிக்கிட்டிருக்கிறதுதான் எனக்கு. அதுவே பழகிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கதையும் அதுதானே! உங்கள் கதையும் அதுதானே!

நம்ம பசி யார் கணக்கில்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் கீரையும் காயும் மற்றவர்கள் தட்டுக்குப் போய்விட்டு, மிச்ச ரசமும் ஊறுகாயும் நம் தட்டுக்கு வருவதும் அதில் சேர்த்திதான். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்றால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டி ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வள்ளலார் நித்திய வாழ்க்கைக்குச் சொன்ன குறிப்புகளில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றைச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் பாசிப்பருப்போடு கரிசலாங்கண்ணிக் கூட்டு உண்டு. இது மருந்துக்குப் பதில் அல்ல, சாப்பாட்டோடு சேர்ந்த நல்ல பழக்கம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

சாயங்காலம்: சபையும் மேட்டுக்குப்பமும்

மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள். வெயில் தாழ்ந்ததும் சத்திய ஞான சபைக்குப் போகலாம். எட்டுக் கோணமாகக் கட்டப்பட்ட சபை. 1872-ல் தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம் நடந்தது. ஏழு நிறத் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கினால் உள்ளே ஜோதி. நம் அறிவை மறைக்கும் ஏழு திரைகள் அவை என்பது தத்துவம். ஏழு திரையும் விலகுவது தைப்பூசத்தன்று. மாதப் பூசத்தில் ஆறு திரை விலக்கித் தரிசனம் காட்டுகிறார்கள். பூச நட்சத்திரம் எந்த நாளில் வருகிறது என்று காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தால் இரட்டை லாபம். ஆனால் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தைப்பூசக் கூட்டத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சபைக்கு உள்ளே போக, கொலையும் புலாலும் தவிர்த்தவர்களுக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் வெளியே நின்று வணங்கலாம். தருமச்சாலைப் பந்தியில் இந்தக் கேள்வியே கிடையாது.

சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் பிள்ளைகளை விடுங்கள். பிளாட்டில் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு அந்த வெட்டவெளியே சொர்க்கம்தான்.

பக்கத்திலேயே மேட்டுக்குப்பம். ஆட்டோவில் போய் வந்துவிடலாம். 1874 ஜனவரி 30-ஆம் தேதி வள்ளலார் அங்கே சித்தி வளாகத்தில் ஓர் அறைக்குள் போனார், திரும்பி வரவில்லை. ஒளியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அமைதியான இடம். பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சும்மா உட்காரவும் நமக்குப் பழக்கம் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை: சிதம்பரம்

நாத்தனார் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். விடிந்ததும் பஸ் பிடித்து, எட்டு மணிக்குள் சிதம்பரம் போய்விடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிட்டால் மறுபடி சாயங்காலம்தான்.

நடராஜர் கோயிலில் குழந்தைகளுக்குக் காட்ட இரண்டு விஷயங்கள். ஒன்று, நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் ஒரே இடத்தில் நின்று தரிசிக்கலாம். எங்கே நின்றால் இரண்டு பேரும் தெரிவார்கள் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கோபுர வாசல்களில் இருக்கும் கரணச் சிற்பங்கள். பரத சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களையும் கல்லில் வடித்திருக்கிறார்கள். நாட்டியம் கற்கும் பெண் குழந்தை இருந்தால் அங்கிருந்து நகரவே மாட்டாள்.

சிதம்பரத்தில் கொத்சு சாப்பிடாமல் வரக்கூடாது. பிறகு கடைத்தெருவில் கொஞ்சம் சுற்றிவிட்டு, மூன்று மணிக்கு மேல் பிச்சாவரம் போகலாம். சுமார் 16 கிலோமீட்டர். துடுப்புப் படகைக் கேளுங்கள். மரங்களுக்கு நடுவே உள்ள சின்னச் சின்னக் கால்வாய்களில் நுழைந்து போகும். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படம் (1975) இங்கேதான் எடுத்தார்கள். 2004-ல் சுனாமி வந்தபோது அலையின் வேகத்தைத் தணித்துப் பின்னால் இருந்த சில கிராமங்களைக் காத்தது இந்தக் காடுதான். மிதவைச் சட்டை இல்லாமல் பிள்ளைகளைப் படகில் ஏற்றாதீர்கள். இலைகளையும் கிளைகளையும் ஒடிக்க விடாதீர்கள். தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரமும் இந்தக் காட்டில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

கைக்குழந்தைக்காரர்கள் பிச்சாவரத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்ப்பதற்கு இது பரீட்சை இல்லை.

திங்களும் லீவு என்றால் கடலூர். வெள்ளிக் கடற்கரையில் காற்று வாங்கலாம். புனித டேவிட் கோட்டையை 1690-ல் வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களையும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

சிதம்பரம் கொத்சு: வீட்டில் செய்ய

பிஞ்சுக் கத்தரிக்காய் கால் கிலோ, புளி நெல்லிக்காய் அளவு, மல்லி விதை 2 டீஸ்பூன், கடலைப் பருப்பு 1 டீஸ்பூன், மிளகாய் வற்றல் 4, வெந்தயம் ஒரு சிட்டிகை, பெருங்காயம், கடுகு, கறிவேப்பிலை, உப்பு, தாராளமாக நல்லெண்ணெய்.

மல்லி, பருப்பு, மிளகாய், வெந்தயத்தைச் சிவக்க வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கத்தரிக்காயைப் போட்டு நன்றாகச் சுருள வதக்கி, கரண்டியால் மசியுங்கள். புளிக் கரைசலும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதித்ததும் பொடியைத் தூவி, எண்ணெய் மேலே மிதக்கும்போது இறக்குங்கள். மிளகு, சீரகம் பொடித்து நெய்யில் தாளித்துச் சூடான சாதத்தில் கலந்தால் சம்பா சாதம். இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம்! இட்லிக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

கையில் எடுத்துவர வேண்டியவை

ஆறவைத்த வெந்நீர், தொப்பி, குழந்தைக்கு மாற்று உடை இரண்டு ஜோடி, உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட், படகில் போவதற்கு ஒரு பருத்தித் துண்டு. சித்திரை, வைகாசியில் வராதீர்கள், வெயில் கொளுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. தை, மாசிதான் தோது.

இன்னொன்றையும் எடுத்து வாருங்கள்: ஒரு பை அரிசியோ, பருப்போ, காய்கறியோ. தருமச்சாலையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பந்தியில் சாப்பிடுங்கள். பசிக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்று நாம் வாயால் ஆயிரம் முறை சொல்வதைவிட, பக்கத்து இலைக்காரரோடு சேர்ந்து ஒரு வேளை சாப்பிடுவது பிள்ளைகள் மனதில் நன்றாகப் பதியும்.

என் நாத்தனார் மறுநாள் காலையில் அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினாள். போன பொங்கலுக்குப் போன் பண்ணினாள். "அண்ணி, இப்போ ராத்திரிச் சாப்பாடு நாலு பேரும் ஒண்ணாத்தான் உக்கார்றோம். எல்லாப் பாத்திரத்தையும் நடுவில் வெச்சுட்டேன். வேணுங்கிறவங்க எடுத்துப் போட்டுக்கலாம். முதல் ரெண்டு நாள் உங்க தம்பி மாப்பிள்ளை முழிச்சார். இப்போ அவரே எனக்குத் தட்டு எடுத்து வைக்கிறார்" என்று சிரித்தாள்.

வடலூரிலிருந்து அவள் வாங்கிக்கொண்டு போனது அதுதான். நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்களேன்!