‘தலைவி’யும் அதன் பார்வையாளரும்: ஒரு குறிப்பு

நடிகையாயிருந்து தமிழக முதல்வரான ஜெ. ஜெயலலிதாவின் வாழ்க்கையைக் கூறும் ‘தலைவி’ 2021 செப்டெம்பரில் திரைக்கு வந்தது. ஏ.எல். விஜய் நெறிப்படுத்திய இப்படத்தில் ஜெயலலிதாவாகக் கங்கனா ரணாவத்தும் எம்.ஜி.ஆராக அரவிந்த் சுவாமியும் தோன்றினர். அதன் பகட்டை மெச்சியோரும், உண்மைக்குப் புறம்பானதெனக் கடிந்தோரும் எதனைப் பற்றி வாதிட்டனர் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

பல அபிப்பிராயங்கள் சாயலைப் பற்றியன. அரவிந்த் சுவாமியிடம் எம்.ஜி.ஆர். தெரிகிறார், கங்கனாவிடம் ஜெயலலிதா தெரியவில்லை என்றவாறு பேசப்பட்டபோது வரலாற்றுண்மை முகவொற்றுமையாகச் சுருங்கிவிட்டது. இதனைப் பார்வையாளரின் அறியாமையெனத் தள்ளுதல் எளிது, தவறும்கூட. முகத்தையே பண்டமாக்கி விற்கும் நட்சத்திர முறைமை பல தசாப்தங்களாகப் பயிற்றிவந்த பார்வை அது.

நிகழ்ச்சிகள் பற்றிய ஆட்சேபம் அ.தி.மு.க.விலிருந்து எழுந்தது. முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார், எம்.ஜி.ஆர். அமைச்சர் பதவி கேட்டதாக வரும் காட்சியை நீக்கவேண்டுமென்றார். 1967இல் அண்ணா தரவிரும்பிய பதவியையே எம்.ஜி.ஆர். மறுத்தவர் என்பது அவர் வாதம். ஆயின் 1971 தேர்தலின் பின் எம்.ஜி.ஆர். அமைச்சராக விரும்பினார் என்பது கருணாநிதி தரப்பினர் நெடுங்காலம் கூறிவந்த செய்தி. எனவே, பிழையெனச் சுட்டப்பட்டது இரு கட்சிகளின் நினைவுகளுக்கிடையிலான பிணக்கேயாகும். படமோ ஒருவரை ‘எம்.ஜே.ஆர்.’ என்றும் மற்றவரைக் ‘கருணா’ என்றும் அழைத்துப் பொறுப்பினின்று நழுவிக்கொள்கிறது.

இதனினும் பெரிய திரிபு படத்தின் எல்லையில் உள்ளது. 1989இன் சட்டமன்ற அமளியில் தொடங்கும் கதை, 1991இல் கதாநாயகி முதல்வராவதோடு முடிந்துவிடுகிறது. அவமதிக்கப்பட்ட பெண் அரியணையேறிய பின் எவ்வாறு ஆண்டாள்? 1996இன் தோல்வியோ, சொத்துக் குவிப்பு வழக்கோ, 2003இல் வேலைநிறுத்தஞ் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியரும் ஆசிரியரும் பணிநீக்கப்பட்டமையோ படத்துக்குள் வருவதில்லை. ஆட்சி தொடங்குமிடத்தில் திரை விழுவதால், அதிகாரம் தனிமனித வைராக்கியத்தின் பரிசாகிவிடுகிறது. காட்டப்பட்ட காட்சியின் பிழையைத் துருவியோர், வெட்டப்பட்ட ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

மலையகத்தில் இப்பிரச்சினைக்கு வேறொரு பரிமாணம் உண்டு. எம்.ஜி.ஆர். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர். ‘நம்ம பக்கத்துப் பிள்ளை’ என்னும் உரிமையுணர்வு தோட்டங்களில் இன்றும் மறையவில்லை. 1948இன் சட்டத்தால் குடியுரிமையிழந்து, லயத்துக்கும் மலைக்குமிடையே வாழ்ந்த தொழிலாளருக்கு, ‘தொழிலாளி’ (1964), ‘விவசாயி’ (1967) முதலிய படங்களின் நாயகன் வெறும் அழகனல்லன்; துரையிடமும் கங்காணியிடமும் கிடைக்காத நியாயத்தைத் திரையில் வழங்கியவன். அந்நியாயம் கற்பிதமே. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆங்கில நூலில், எம்.ஜி.ஆரின் படிமத்தையும் அவரது ஆட்சி ஏழைகளுக்குச் செய்ததையும் அருகருகே வைத்து இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். எனினும் அக்கற்பிதத்தினுள்ளே உழைப்போரின் மெய்யான வேட்கையொன்று இருந்தது.

‘தலைவி’ கற்பிதத்தை வைத்துக்கொண்டு வேட்கையை அகற்றிவிட்டது. அதில் எம்.ஜி.ஆர். தயங்கும் காதலன், ஏழைகள் கையசைக்கும் கூட்டம். வலப்பனைத் தோட்டமொன்றின் முதியவர் இதனைப் பார்த்து, “இது எங்க எம்.ஜி.ஆர். இல்ல” என்பாராயின், அவர் தகவற் பிழை திருத்துகிறார் என்று நாம் கொள்ளலாகாது. தமக்குரியதாயிருந்த ஒன்று எடுத்துச் செல்லப்பட்டதையே அவர் முறையிடுகிறார்.