குறுக்கு வழியில் ஓடலாம், ஆனால் காட்டை முன்கூட்டியே பார்க்கக் கூடாது: 2019-ல் ஓரியன்டீரிங் உலகத்தை உலுக்கிய வூஹான் விவகாரம்

வூஹான். இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். ஆனால் கொரோனா செய்திகள் வெளிவரத் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, 2019 அக்டோபரில், அந்த ஊர் வேறொரு காரணத்துக்காக ஒரு சின்ன விளையாட்டு உலகத்தில் பெரிய அதிர்ச்சியைக் கிளப்பியது.

அங்கே உலக ராணுவ விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. 100-க்கும் மேற்பட்ட நாடுகளின் ராணுவ வீரர்கள் கலந்துகொண்ட திருவிழா அது. அதில் ஒரு போட்டி ஓரியன்டீரிங். 'மிடில்' பிரிவின் முடிவு வந்தது. பெண்களில் 1, 2, 4-வது இடங்கள் சீனாவுக்கு. ஆண்களில் 2-வது இடமும் சீனாவுக்குத்தான். உள்ளூர் ரசிகர்களுக்குச் செம கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டிய நாள்.

ஆனால் சில ஐரோப்பிய அணிகள் சேர்ந்து புகார் கொடுத்தன. விசாரித்த நடுவர் குழு, சீன வீரர்களைத் தகுதி நீக்கம் செய்தது.

ஊக்கமருந்தா? இல்லை. குறுக்கு வழியில் ஓடிவிட்டார்களா? இந்த விளையாட்டில் குறுக்கு வழி தப்பே இல்லைங்க. சொல்லப்போனால், நல்ல குறுக்கு வழியைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டே! அப்புறம் என்னதான் பிரச்சினை? அது புரிய, ஓரியன்டீரிங்கின் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஓரியன்டீரிங் என்றால் என்ன?

உங்கள் கையில் ஒரு காகித வரைபடம், ஒரு காம்பஸ். முன்னால் நீங்கள் பார்த்தே இராத ஒரு காடு. காட்டுக்குள் பல இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த சின்னத் துணிக்கூடு ஒன்று தொங்கும். அதற்குப் பெயர் 'கன்ட்ரோல்'. வரைபடத்தில் ஊதா நிற வட்டங்களில் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த வரிசையில் எல்லா கன்ட்ரோல்களுக்கும் போய், விரலில் மாட்டிய எலக்ட்ரானிக் சிப்பால் பதிவு செய்துவிட்டு, முடிவுக் கோட்டுக்கு வர வேண்டும். குறைந்த நேரத்தில் வருபவர் வெற்றியாளர். அவ்வளவுதான்.

ஒரு கன்ட்ரோலில் இருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது என்பது முழுக்க உங்கள் முடிவு. மலையேறி நேராகப் போகலாம். அல்லது சுற்றிக்கொண்டு சமதளத்தில் வேகமாக ஓடலாம். எது லாபம் என்று ஓடிக்கொண்டே கணக்குப் போட வேண்டும். கூகுள் மேப் மாதிரி 'இடதுபக்கம் திரும்புங்கள்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வரைபடமும் வேற மாதிரி. பச்சை நிறம் என்றால் அழகான காடு என்று நினைத்துவிடாதீர்கள். பச்சை அடர்த்தியாக ஆக ஆக, புதர் மண்டி ஓட முடியாத இடம் என்று அர்த்தம். எளிதாக ஓடக்கூடிய காடு வெள்ளையில் இருக்கும். மஞ்சள் திறந்தவெளி, நீலம் தண்ணீர், பழுப்புக் கோடுகள் மேடு பள்ளம். இதையெல்லாம் நிற்காமல் ஓடியபடியே படிக்க வேண்டும்.

இவர்கள் எவ்வளவு வேகமாக ஓடுவார்கள்?

ஒரே ஒரு உதாரணம். சுவிட்சர்லாந்தின் மத்தியாஸ் கைபுர்ஸ், ஓரியன்டீரிங் உலக சாம்பியன். 2024-ல் பாரிஸில் தன் வாழ்க்கையின் முதல் மாரத்தானை ஓடினார். நேரம் 2 மணி 7 நிமிடம் 44 விநாடி. அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானிலும் சுவிஸ் ஜெர்சியுடன் ஓடினார். ஓரியன்டீரிங் இன்றுவரை ஒலிம்பிக்கில் இல்லை. 1977-லேயே ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் கிடைத்தும், போட்டிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

2019: ஒரே ஆண்டு, 4 உலக சாம்பியன்ஷிப்

சர்வதேச ஓரியன்டீரிங் கூட்டமைப்பின் கீழ் 4 வகைகள் இருக்கின்றன. 2019-ல் நான்குக்குமே உலக சாம்பியன்ஷிப் நடந்தது.

மார்ச், பிட்டியோ, ஸ்வீடன்: பனிச்சறுக்கு. வரைபடத்தை மார்பில் கட்டிய ஒரு தட்டில் பொருத்தியிருப்பார்கள். பனியில் வலைபோல வெட்டப்பட்ட தடங்களில் எதைப் பிடித்தால் சீக்கிரம் போகலாம் என்று பார்த்துச் சறுக்க வேண்டும். பொருத்தமான நாடுதான். சரியாக 100 ஆண்டுகளுக்கு முன், 1919 மார்ச்சில், எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டிதான் இந்த விளையாட்டு மக்களிடம் பரவக் காரணமாக இருந்தது.

ஜூன், இடானியா அ நோவா, போர்ச்சுகல்: ட்ரெயில். இதில் ஓட்டமே இல்லை. ஓரிடத்தில் நின்று பார்த்தால் தூரத்தில் பல கன்ட்ரோல்கள் தெரியும். வரைபடத்தில் குறித்தது அவற்றில் எது, அல்லது எதுவுமே இல்லையா என்று சொல்ல வேண்டும். ஆண், பெண் என்று பிரிவு கிடையாது. சக்கர நாற்காலியில் வருபவரும் மற்றவர்களோடு சமமாகப் போட்டியிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக பாரா பிரிவும் உண்டு.

ஜூலை இறுதி, விபோர்க், டென்மார்க்: மவுன்டன் பைக். ஹேண்டில்பாரில் சுழலும் தட்டில் வரைபடம். எந்தப் பாதையில் சைக்கிள் வேகமாகப் போகும், எதில் சிக்கிக்கொள்ளும் என்பதையும் வரைபடமே காட்டிவிடும். ஆனால் அந்த வேகத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் திரும்பி வருவது பெரிய நஷ்டம்.

ஆகஸ்ட், ஓஸ்ட்ஃபோல்ட், நார்வே: ஓட்டம். எல்லோரும் காத்திருந்த பெரிய போட்டி இதுதான். 2019-ல் இருந்து ஒரு மாற்றம் வந்தது. காட்டுப் போட்டிகளுக்கு ஓர் ஆண்டு, ஊருக்குள் தெருக்களில் ஓடும் ஸ்பிரிண்ட் போட்டிகளுக்கு அடுத்த ஆண்டு என்று பிரித்துவிட்டார்கள். அப்படிக் காட்டுக்கு மட்டும் என நடந்த முதல் சாம்பியன்ஷிப் இது. 'லாங்' பிரிவில் ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேர ஓட்டம். அதில் நார்வேயின் ஒலாவ் லுண்டானஸ் தொடர்ந்து 4-வது முறையாகத் தங்கம் வென்றார். பெண்களில் ஸ்வீடனின் தூவே அலெக்ஸாண்டர்சன், லாங், மிடில் இரண்டிலும் தங்கம். இவர் பனிச்சறுக்கு ஓரியன்டீரிங்கிலும் உலக சாம்பியன்!

சரி, வூஹானில் என்ன நடந்தது?

மேலே சொன்ன எல்லா வகைகளுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. போட்டி நடக்கும் இடத்தை முன்கூட்டியே யாரும் பார்த்திருக்கக் கூடாது. போட்டி அறிவித்தவுடன் அந்தப் பகுதிக்குத் தடை போட்டுவிடுவார்கள். வீரர்களோ பயிற்சியாளர்களோ அங்கே காலே வைக்கக் கூடாது. வரைபடம்கூடப் புறப்படும் நேரத்தில்தான் கைக்கு வரும். ஓடும்போது வெளியாள் உதவியும் கூடாது.

கிரிக்கெட்டில் பிட்ச்சை முந்தைய நாளே பார்க்கலாம். மாரத்தானில் பாதையை முன்பே ஒருமுறை ஓடிப் பார்க்கலாம். ஓரியன்டீரிங்கில் அப்படிச் செய்தால், அது கேள்வித்தாளை முதல்நாளே வாங்கிப் படித்த மாதிரி.

வூஹானில் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு அதைவிட மோசம். காட்டுக்குள் சீன வீரர்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவர்களுக்கென்றே சிறிய பாதைகள் தயார் செய்யப்பட்டிருந்தன. பார்வையாளர்கள் உள்ளே நின்று உதவினார்கள். போட்டி ஏற்பாட்டாளர்களே இந்த மூன்றையும் உறுதிப்படுத்திய பிறகுதான் தகுதி நீக்கம் வந்தது.

அதாவது, மற்றவர்கள் வரைபடத்தைப் பார்த்து வழி தேடிக்கொண்டிருந்தபோது, சிலருக்கு மட்டும் வழி ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருந்தது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

ஸ்டேடியம் விளையாட்டுகளில் கேமரா இருக்கும், ரிவ்யூ இருக்கும். காட்டில் அப்படி இல்லை. பெரிய போட்டிகளில் வீரர்கள் மேல் ஜி.பி.எஸ் கருவி கட்டி, யார் எந்த வழியில் போனார் என்று திரையில் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு மரத்தில் யாரோ வைத்த அடையாளத்தை ஜி.பி.எஸ் பார்க்காது. பல சதுர கிலோமீட்டர் காட்டுக்கு வேலி போடவும் முடியாது. 'போகாதே' என்று சொன்னால் போக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் மொத்த விளையாட்டும் ஓடுகிறது.

அந்த நம்பிக்கை போனால் பாதிப்பு ஒரு பதக்கத்தோடு நிற்காது. உள்ளூர் வீரர் ஒருவர் ஜெயித்தால், 'நிஜமாகவே நல்லா ஓடினாரா, இல்லை காட்டை முன்பே பார்த்துட்டாரா?' என்ற சந்தேகம் எழும். நியாயமாக ஓடியவர்தான் முதலில் அடிபடுவார்.

ராணுவப் போட்டிகளை நடத்தியது சர்வதேச ராணுவ விளையாட்டு கவுன்சில். ஓரியன்டீரிங் கூட்டமைப்பு அல்ல. ஆனால் அதே மாத இறுதியில் கூட்டமைப்பின் சொந்தப் போட்டி, உலகக் கோப்பையின் கடைசிச் சுற்று, அதே சீனாவின் குவாங்சோவில் நடக்க வேண்டியிருந்தது. நடந்தது. ஒரு வாரத்துக்கு முன் அவ்வளவு பெரிய சர்ச்சை முடிந்த நாட்டில், வீரர்கள் மறுபடியும் ஒரு தெரியாத வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

அடுத்த ஆண்டு டென்மார்க்கில் முதல் ஸ்பிரிண்ட் உலக சாம்பியன்ஷிப் நடப்பதாக இருந்தது. கொரோனாவால் அது 2022-க்குத் தள்ளிப்போனது. அங்கே தடை போடப்பட்ட இடம் காடு அல்ல, ஊர். தெருக்களும் சந்துகளும்தான் மைதானம். அப்படிப்பட்ட ஊருக்குள் ரகசியமாக ஒரு நடை போய்விட்டு வருவது, காட்டைவிட ரொம்பவே சுலபம். ஆக, அந்த விதியைக் காப்பாற்றும் பொறுப்பில் பெரும்பங்கு இப்போதும் வீரர்களிடமேதான் இருக்கிறது.