கேட் தேர்வு: எங்கே தொடங்குவது?

நம் சங்கத்து நண்பர்கள் பலர் கேட் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்ததும் முதலில் புரட்டுவது கணக்குப் புத்தகத்தைத்தான். தெரிந்ததையே மீண்டும் போட்டுப் பார்ப்பதில் ஓர் இன்பம்! ஆனால் இத்தேர்வில் 2020 முதல் ஆங்கில வாசிப்பு, தரவு ஆராய்ச்சி, கணக்கு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 40 நிமிடங்கள்தாம். முதலில் வரும் ஆங்கிலத்தில் திணறினால், கணக்கின் நேரத்திலிருந்து ஒரு நிமிடமும் கடன் வாங்க முடியாது. பல ஐ.ஐ.எம்.களோ ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தகுதியளவு வைத்திருக்கின்றன. மொத்த மதிப்பெண் நன்றாயிருந்தும் அதனால் அழைப்பு வராமற் போவதுண்டு.

ஆகவே, முதல் வேலையாகப் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் சறுக்கினால், நாள்தோறும் வாசகசாலையில் ஆங்கிலத் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் வாதத்தை நான்கு வரித் தமிழில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் மறுபடி படிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் ஒரு மாதம் காத்திருக்கட்டும்.