வலைமனையைப் புதுப்பிக்கும் முறை

ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஓடு மாற்றுதல் இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் ஆளை வரவழைத்து, உடைந்த ஓடுகளை நீக்கிப் புதியவற்றை வைப்பார்கள். ஆனால் ஆள் கூரைமேல் ஏறுமுன் வீட்டுப் பெரியவர்கள் ஒரு காரியம் செய்து விடுவார்கள். பரணிலிருக்கும் பத்திரப் பெட்டியை இறக்கிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். ஓடு உடைந்தால் கடையில் வாங்கிக் கொள்ளலாம். பத்திரம் நனைந்தால் எந்தக் கடையில் வாங்குவது?

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்த ஒரு செய்தியே அடிப்படை. தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழர்கள் பலர் தங்களுக்கென வலைமனைகளை அமைத்து, தங்கள் எழுத்தை அவற்றில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வலைமனைகளை இயக்கும் மென்பொருளுக்கு அவ்வப்போது புதிய பதிப்பு வருகிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் வேலையை அச்சமின்றிச் செய்வது எப்படி? அச்சத்தால் தள்ளிப் போட்டால் வரும் தீங்கு யாது? இவ்விரண்டையும் எங்கள் அனுபவத்தைக் கொண்டே விளக்க முயல்வோம்.

நாங்கள் வாழ்வது போலாரம். செகந்தராபாத்துக்கு வடக்கே, குடியரசுத் தலைவர் வந்து தங்கும் ராஷ்டிரபதி நிலையம் அமைந்திருக்கும் பகுதி. பாளையத்தையும் இரயில்வேயையும் ஒட்டி இப்பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து 2006-ஆம் ஆண்டில் ஒரு வலைமனை தொடங்கினோம். பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடங்களும், பெரியவர்களின் நினைவுக் குறிப்புகளும் அதில் இடம்பெற்றன. கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், தம் பாட்டனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த வரலாற்றை வாரம் ஒன்றாக எழுதினார். கையால் அவர் எழுதித் தந்ததை நாங்கள் தட்டச்சு செய்து ஏற்றினோம். கைப்படியைப் பாதுகாக்க வேண்டுமென்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நாங்கள் பயன்படுத்தியது வேர்டுபிரஸ் என்னும் மென்பொருள். அமெரிக்கரான மாட் முல்லன்வெக்கும் ஆங்கிலேயரான மைக் லிட்டிலும் 2003-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் முதன்முதலாக வெளியிட்டது இது. விலையின்றிக் கிடைப்பது, எவரும் எடுத்து மாற்றி அமைக்கும் உரிமையோடு வருவது. வலைமனைக்கு இடம் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள், வாடகைதாரருக்குக் கட்டுப்பாட்டுப் பலகம் ஒன்றையும் தருகின்றன. சிபேனல் என்பது அவற்றுள் பலரும் அறிந்தது. வலைமனை இருக்கும் கணினி எங்கோ தொலைவில் இருக்கிறது. அதற்குச் சர்வர் என்று பெயர். அதனருகே போகாமல், நம் வீட்டில் இருந்தபடியே அதை ஆள்வதற்கான பொத்தான்கள் அடங்கியதே இந்தப் பலகம். நிறுவு என்றொரு பொத்தான், புதுப்பி என்றொரு பொத்தான். கேட்கும்போது மிக எளிது. ஆனால் பொத்தானை அழுத்தினால் எது மாறும், எது மாறாது என்பதை அறிந்த பிறகே கையை நீட்ட வேண்டும்.

வலைமனையில் நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது, மென்பொருளின் உடற்பகுதி. இதுவே நாம் சொன்ன ஓடு. உலகில் உள்ள எல்லா வேர்டுபிரஸ் வலைமனைகளுக்கும் இது ஒன்றே; கெட்டுப் போனால் மீண்டும் இறக்கிக் கொள்ளலாம். இரண்டாவது, நாம் ஏற்றிய படங்களும், தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம்களும், கூடுதல் வசதிகளுக்காகச் சேர்த்த பிளகின்களும் அடங்கிய கோப்புறை. மூன்றாவது, தரவுத்தளம். நாம் எழுதிய ஒவ்வொரு சொல்லும் இதில்தான் இருக்கிறது. நான்காவது, அமைப்புக் கோப்பு. தரவுத்தளத்தின் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன, அதிலுள்ள எழுத்துகளை எந்த முறையில் படிக்க வேண்டும் என்பவற்றை மென்பொருளுக்குச் சொல்லும் சிறு தாள் இது. முதற் பகுதி மட்டுமே பிறருடையது. மற்ற மூன்றும் நம்முடையவை. உலகில் வேறெங்கும் கிடைக்காதவை.

இவற்றை நாங்கள் அறிந்தது காலங்கடந்தே. 2006-இல் நிறுவிய மென்பொருளை மூன்று ஆண்டுகள் அப்படியே விட்டிருந்தோம். ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் எண்ணம். 2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் பழைய பதிப்புகளைத் தேடித் தாக்கும் ஒரு நச்சுநிரல் பரவிற்று. அது வலைமனைக்குள் ஓர் உறுப்பினராய்ப் பதிவு செய்துகொண்டு, நிர்வாகி நிலைக்குத் தன்னை உயர்த்திக்கொண்டு, பயனர் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, பழைய கட்டுரைகளுக்குள் வேண்டாத விளம்பரங்களைப் புகுத்தியது. அப்போதைய புதிய பதிப்பாகிய 2.8.4-ஐ நிறுவியிருந்தவர்களுக்கு அதனால் தீங்கில்லை. செய்தியைக் கேட்டதும் பதறிப்போய், அன்றிரவே பலகத்தைத் திறந்து புதுப்பித்தோம். அவசரத்தில் அமைப்புக் கோப்பையும் புதிய மாதிரியைப் பார்த்துப் புதிதாக எழுதினோம். எல்லாம் புதிதாய் இருப்பதுதானே நல்லது என்று நினைத்தோம்.

மறுநாட்காலையில் வலைமனையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. 'அ' இருந்த இடத்திலெல்லாம் தலைமேல் சாய்கோடிட்ட ஆங்கில 'ஏ' ஒன்றும், வட்டத்துக்குள் 'ஆர்' ஒன்றும், மூன்று புள்ளிகளும் நின்றன. பக்கம் பக்கமாக அதே கோலம். முதியவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நான் எழுதியதெல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. காப்புப் படியும் இல்லை.

நடந்தது என்ன? யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'அம்மா' என்ற சொல்லில் அகரமும், மகரமும், புள்ளியும், மீண்டும் மகரமும், காலும் ஆக ஐந்து குறியீடுகள்; மொத்தம் பதினைந்து பைட்டுகள். அக்காலத்துத் தரவுத்தளங்கள் பல, உள்ளே இருப்பது ஐரோப்பிய எழுத்து என்ற முத்திரையோடு உருவாக்கப்பட்டவை. முத்திரை தவறாக இருந்தும் தொல்லை இல்லை. ஏனெனில் பழைய மென்பொருள் முத்திரையைப் பாராமல், வைத்ததை வைத்தபடியே எடுத்துத் தந்தது. 2007-ஆம் ஆண்டு மே மாதம் வந்த 2.2 பதிப்பிலிருந்து, எழுத்துமுறையைக் குறிக்கும் வரிகள் அமைப்புக் கோப்பில் சேர்ந்தன. அவ்வரிகளை நாங்கள் எழுதியதும், தரவுத்தளம் தன் முத்திரையை நம்பி, மூன்று பைட்டுகளையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக எண்ணி 'மொழிபெயர்த்துத்' தந்துவிட்டது. மொழிபெயர்ப்பையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட எமக்கு இது நன்கு விளங்கியது. மூலம் இன்ன மொழி என்று தவறாகக் கருதிக்கொண்டவன் எவ்வளவு கவனமாக மொழிபெயர்த்தாலும் பிழையாகத்தானே முடியும்?

நல்வேளை, மூலம் அழியவில்லை. புதிதாய்ச் சேர்த்த எழுத்துமுறை வரிகளை அமைப்புக் கோப்பிலிருந்து நீக்கியவுடன் தமிழ் திரும்பி வந்தது. முதியவருக்குச் செய்தி சொன்னோம். அவர் அன்று மாலையே வந்து, தம் பாட்டனார் கதை முழுவதையும் தாளில் அச்சிட்டுத் தரும்படி கேட்டு வாங்கிச் சென்றார். காப்புப் படி என்றால் என்னவென்பதை எங்களுக்கு முன்னே அவர் அறிந்திருந்தார்.

இனி முறைக்கு வருவோம். முதல் வேலை காப்புப் படி எடுத்தல். பலகத்தில் பிஹெச்பி-மைஅட்மின் என்றொரு பகுதி உண்டு. அதைத் திறந்து, தரவுத்தளத்தைத் தேர்ந்து, ஏற்றுமதி செய்யும் பொத்தானை அழுத்தினால், எழுதியவை அனைத்தும் ஒரே கோப்பாக நம் கணினிக்கு இறங்கும். அதைத் திறந்து, உள்ளே பதிவுகள் முழுமையாக வந்துள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும். அடுத்து, கோப்புகளை நிர்வகிக்கும் பகுதிக்குச் சென்று, படங்களும் தீம்களும் உள்ள கோப்புறையையும் அமைப்புக் கோப்பையும் சுருக்கி இறக்கிக்கொள்ள வேண்டும். பல பலகங்கள் புதுப்பிக்குமுன் தாமே ஒரு படி எடுத்து வைக்கின்றன. நல்ல வசதிதான், ஆயினும் அப்படி பெரும்பாலும் அதே சர்வரில் இருக்கும். வீட்டின் மாற்றுச் சாவியை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வந்தால் என்ன பயன்? ஒரு படியாவது நம் கைக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டாவது, பொருத்தம் பார்த்தல். வேர்டுபிரஸ் பிஹெச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அம்மொழிக்கும் பதிப்புகள் உண்டு. எடுத்துக்காட்டாக, 2024-ஆம் ஆண்டு ஜூலையில் வந்த வேர்டுபிரஸ் 6.6, பிஹெச்பியின் 7.0, 7.1 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. சர்வரில் எந்தப் பதிப்பு உள்ளதென்று பலகத்திலேயே பார்க்கலாம்; மாற்றவும் பெரும்பாலும் அங்கேயே வழியுண்டு. பயன்படுத்தாத பிளகின்களை நீக்கிவிடுவதும் இந்நேரத்தில் செய்யத்தக்கது. இயலுமானால் வலைமனைக்கு ஒரு நகல் அமைத்து, முதலில் அதன்மேல் சோதித்துப் பார்ப்பது இன்னும் நன்று.

மூன்றாவதாகவே புதுப்பிக்கும் பொத்தான். அழுத்தினால் உடற்பகுதிக் கோப்புகள் மாறும். பெரிய பதிப்பாயின், தரவுத்தளத்தையும் சீரமைக்க வேண்டுமென்று மென்பொருள் கேட்கக்கூடும். அதற்கும் இசைவு தர வேண்டும். இந்தச் சீரமைப்புக்குப் பின் பழைய பதிப்புக்குத் திரும்புவது எளிதன்று. காப்புப் படியை முதலில் வைத்ததன் காரணம் இதுவே. அமைப்புக் கோப்பைத் தேவையின்றித் தொட வேண்டாம்.

நான்காவது, சரிபார்த்தல். மிகப் பழைய தமிழ்க் கட்டுரை ஒன்று, படமுள்ள பக்கம் ஒன்று ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். புதிதாக ஒரு வரி எழுதிச் சேமித்தும் பாருங்கள். மூன்றும் சரியாயின் வேலை முடிந்தது. திரை வெறுமையாக நின்றால் கலங்க வேண்டாம். பெரும்பாலும் பழைய பிளகின் ஒன்றே காரணமாய் இருக்கும். பிளகின்கள் இருக்கும் கோப்புறையின் பெயரைப் பலகத்தின் வழியே மாற்றினால் அவை அனைத்தும் செயலிழக்கும். வலைமனை எழுந்து நிற்கும். பிறகு பெயரைப் பழையபடி மாற்றி, ஒவ்வொன்றாய் இயக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, புதுப்பிக்காமலே இருந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 2017-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைச் சொல்வோம். வேர்டுபிரஸ் 4.7.0, 4.7.1 ஆகிய இரு பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது. கடவுச்சொல் அறியாத அயலார் எவரும் அதன் வழியே பிறர் எழுதிய பதிவைத் திருத்தி எழுத முடிந்தது. ஜனவரி 26-ஆம் நாள் வெளிவந்த 4.7.2 அதை அடைத்தது. ஓட்டை இருந்த செய்தியை ஒரு வாரம் வெளியிடாமல் வைத்திருந்து, மக்கள் புதுப்பித்துக்கொள்ள இடம் தந்து, பிப்ரவரி 1-ஆம் நாள் அறிவித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே, புதுப்பிக்காத வலைமனைகளில் இலட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. புதுப்பித்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. 4.7.2 என்பதில் மூன்றாவது எண் பாதுகாப்புத் திருத்தங்களைக் குறிப்பது. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த 3.7 முதல் இத்தகைய சிறு திருத்தங்கள் தாமாகவே நிறுவிக்கொள்ளும். அந்த வசதியை நாமே அடைத்துவிடாமல் இருந்தால் போதும். முன்னிரண்டு எண்கள் மாறும் பெரிய பதிப்புகளுக்கு மேலே சொன்ன முறை.

எங்கள் முதியவர் இன்றில்லை. அவர் அச்சிட்டு எடுத்துச் சென்ற தாள்கள் அவர் மகள் வீட்டில் இருக்கின்றன. அவர் எழுதிய பக்கங்கள் வலைமனையிலும் இருக்கின்றன. வேலூர்ப் பக்கத்து ஊரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கும் கொள்ளுப்பேரன், அதைப் படிப்பது கைப்பேசியில். இடையே எத்தனையோ முறை நாங்கள் மென்பொருளை மாற்றிவிட்டோம். அவருடைய எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு தமிழ் வலைமனை இருக்கக்கூடும். அதைக் கவனித்து வருபவரிடம், கடைசியாகக் காப்புப் படி எடுத்தது எப்போது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விடை தயங்கி வந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமையே அவரோடு உட்கார்ந்து பெட்டியை இறக்கி வைத்துவிடுங்கள். ஓட்டை அதற்குப் பிறகு மாற்றிக் கொள்ளலாம்.