கோழிக்கு மழைத்தண்ணீர்: ஒரு டிரம் போதும்

போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஊரில் கோழி வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். உப்பு கூடினால் கோழி அதிகம் குடிக்கும், எச்சம் நீர்த்துப்போகும், கொட்டகைத் தரை காயவே காயாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

எவ்வளவு வேண்டும்?

வளர்ந்த கோழி ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். கோடையில் அது இரண்டு மடங்காகும். 10 கோழிக்கு இரண்டரை லிட்டர் என்று வையுங்கள். 10 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் விழுவது 250 லிட்டர். கழித்தது, சிந்தியது போக 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய நிறைந்துவிடும். கார்த்திகையில் நிறைந்த டிரம் தை முடியும்வரை வரும்.

எப்படிப் பிடிப்பது?

மழைத்தண்ணீர் சுத்தம்தான், கூரைதான் அழுக்கு. காக்கை, புறா எச்சத்தில் கழிச்சல் நோய்க் கிருமிகள் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு மழையிலும் முதலில் வருகிற 20 லிட்டரைக் கீழே விட்டுவிட்டு, பிறகுதான் குழாயை டிரம்முக்குத் திருப்ப வேண்டும். ஓடும் தகரமும் ஏற்றவை. பெயின்ட் உரிகிற பழைய தகரம் வேண்டாம். அந்தப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். கீற்றுக் கூரையிலிருந்து வருவது பழுப்புத் தண்ணீர், அதுவும் வேண்டாம்.

எப்படி வைப்பது?

வெளிச்சம் புகாத கறுப்பு அல்லது நீல டிரம்மை நிழலில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். குழாய் வாயில் கொசுவலை கட்டாவிட்டால் டெங்குக் கொசு குடியேறிவிடும். 200 லிட்டருக்கு ஒரு கிராம் பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கோழிக்கு வைக்கலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. வெள்ளைக்கழிச்சலுக்குக் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கிற தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். குளோரின் பட்டால் செத்துவிடும். அந்த நாளில் மட்டும் பிளீச்சிங் படாத தண்ணீரைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

டிரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கோழி குடிப்பது தட்டில்தான். கிளறிய மண்ணும் எச்சமும் அதில் விழாதபடி, கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் தட்டை வையுங்கள். தினமும் காலையில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.