வீட்டினுள் புகைத்தலும் சிசுக்களின் சுவாச நோயும்

மாமல்லபுரம் கரையோரத்துத் தேவநேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் முதலிய ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் படகுகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். ஏனைய காலங்களில் மணலில் அமர்ந்து பீடி பிடிப்போர் அப்போது மழைக்கு ஒதுங்கி வீட்டினுள் பிடிக்க நேருகிறது. சாரலுக்காகக் கதவும் சாத்தப்படுகிறது. செங்கற்பட்டைச் சூழ்ந்த பயிர்த்தொழில் கிராமங்களிலும் நிலைமை இதுவே. சிசுக்களுக்கு இருமலும் இழுப்பும் மிகுந்து காணும் பருவமும் இம்மழைக்காலமேயாம்.

இந்நோய்களுக்குக் கிருமிகளே நேர்க் காரணம். ஆயினும் அவற்றிற்கு இடங்கொடுப்பது புகை. மூச்சுக் குழலின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய மயிரிழைகள் இருந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. புகையிலைப் புகை அவற்றை முடக்கிக் குழலின் உட்சுவரையும் வீங்கச் செய்கிறது. சிசுவின் மூச்சுக் குழல் சுமார் 4 மில்லிமீட்டர் அகலமே உடையது. சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்றுச் செல்லும் வழி நாலில் ஒரு பங்காகக் குறுகிவிடும். மேலும், பெரியவர் நிமிஷத்திற்குச் சுமார் 15 முறை மூச்சுவிட, பிறந்த குழந்தை 40 முறைக்கு மேல் விடுகிறது. புகை சூழ்ந்த அறையைவிட்டு எழுந்து செல்லவும் அதனால் இயலாது.

லண்டன் நகரையடுத்த ஹாரோவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பு முதல் கவனித்து வந்த வைத்தியர்கள் 1974-இல் தம் முடிவை வெளியிட்டனர். தாய் தந்தை இருவரும் புகைக்கும் வீடுகளில், முதல் வயதிற்குள் நிமோனியாவோ மார்ச்சளி நோயோ கண்ட குழந்தைகளின் விகிதம், புகைக்காத வீடுகளைவிட இருமடங்குக்கு மேல் இருந்தது. ஒருவர் மட்டும் புகைத்த வீடுகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டிருந்தன. நம் நாட்டில் பெண்கள் புகைப்பது அரிதாகையால், இங்கு பொறுப்பு பெரும்பாலும் ஆடவருடையதே.

2003-ஆம் ஆண்டுச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த விதிகளும் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்து, 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கின்றன. சங்க அலுவலகமும் இதற்கு உட்பட்டதே. ஆனால் சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. சிசுவோ நாள் முழுதும் வாசற்படிக்கு உள்ளேதான் இருக்கிறது. 2016-17-இல் இந்தியா முழுதும் நடந்த கணக்கெடுப்பில், 100 பேரில் சுமார் 39 பேர் தம் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிப்பதாகத் தெரியவந்தது. அதில் விசாரிக்கப்பட்டவர்கள் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். தூளியில் கிடப்போரை எவர் விசாரிப்பது?

பீடியில் புகையிலை சொற்பமாகையால் கெடுதியும் சொற்பம் என்பது தவறான எண்ணம். குழந்தை உறங்கும்போது புகைப்பதும், திண்ணையில் அமர்ந்து புகைப்பதும் போதிய காப்பல்ல. திறந்த கதவு வழியே புகை உள்ளே வரும். வாசலுக்கு அப்பால் சென்று புகைத்துக் கைகழுவி, மேல்துண்டையும் மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குதல் வேண்டும். கர்ப்பிணியின் அருகிலும் புகைத்தல் ஆகாது. குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைப் பாட்டிமார் கைவிட மனம் கொள்ளார். எனினும் சளி பிடித்த குழந்தைக்கு அதுவும், விறகடுப்பின் புகையும் தீங்கே. தலையைத் துணியால் துவட்டினால் ஈரம் போய்விடும்.

குழந்தை அமைதியாக இருக்கையில் ஒரு முழு நிமிஷம் அதன் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு 60-ம், அதற்கு மேல் ஒரு வயது வரை 50-ம், அல்லது அவற்றிற்கு மேலும் இருப்பின் அபாயக் குறியாம். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதலும், பால் குடியாமையும் அவ்வாறே. மாந்தமென்றும் தோஷமென்றும் கருதித் தாயத்துக்காகக் காத்திராமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ கொண்டு செல்க. வண்டிக்கு 108-ஐ அழைக்கலாம். பீடியை அறவே விட விரும்பும் அங்கத்தினர்க்கு 1800 112 356 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.